கந்தையும் கற்பனையும்



இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் கந்தை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், ஒழுக்கத்தைப் பற்றியோ, தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவற்றைப் பற்றி 36 ஆண்டுகள் பேசிவிட்டேன். கேட்டவர்களுக்கும் சலிப்பு, சொன்னவனுக்கும் சலிப்பு. ஆதலின் இன்று, ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரு கைத்தொழிலைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பழந்துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் போர்வை தைப்பதே அத்தொழில். அதிலும், முன்கூட்டியே படம் வரைந்து, அளவு குறித்து, அதன்படி தைப்பதன்று. கைக்குக் கிடைத்த துண்டைக் கண் சொல்லும் இடத்தில் வைத்து, அது சொல்லும் அடுத்த துண்டைத் தேடி எடுத்து, அவ்வாறே தைத்துக்கொண்டு போவது.

கந்தை என்னும் சொல்லை நாம் இழிந்த பொருளிலேயே வழங்கி வருகிறோம். வடமொழியில் ‘கந்தா’ என்பது ஒட்டுப்போட்ட துணிக்குப் பெயர். நம் கந்தை அதிலிருந்து வந்தது என்பர். வங்காளத்தார் அதே சொல்லைக் ‘காந்தா’ என்கின்றனர். அவர்கள் நாட்டில் அச்சொல்லுக்கு இழிவு இல்லை. உடுத்து நைந்த வெள்ளைச் சேலைகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அச்சேலைகளின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுப்பார்கள். சாதாரண ஓட்டுத் தையலாலேயே தாமரையும் மீனும் யானையும் அதில் பூத்துவிடும். குருசதய தத்தர் என்னும் அரசாங்க அதிகாரி, வங்கத்து ஊர்களில் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். எந்த வீட்டிலும் குழந்தையின் தொட்டிலில் கிடக்கும் பொருளைக் கலைப்பொருள் என்று கண்டுகொள்ள அவருக்குக் கண் இருந்தது. மராட்டியத்தில் இத்தகைய போர்வையைக் ‘கோதடி’ என்பார்கள். கன்னட நாட்டில் ‘கௌதி’. தெலுங்கர் ‘பொந்த’ என்பார்கள். நம் பக்கத்திலும் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்புகள் இல்லாமற் போகவில்லை. ஆயினும் அதற்கென ஒரு பெருமையான பெயர் வைக்க நாம் நாணினோம் போலும்.

நாணம் என்று சொன்னேன். அதை என்னைக் குறித்தே சொன்னேன்.

1976-ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். ஊர், செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். விடுதிக்குப் புறப்படும் நாளில் என் தாயார் ஒரு போர்வையை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தார். தம்முடைய புடவைகள், என் தந்தையாரின் வேட்டி, எங்கள் சட்டைகள், எங்கிருந்தோ வந்த ஒரு சிவப்புச் சீட்டித்துணி, எல்லாம் சேர்ந்த போர்வை அது. விடுதியில் என் அறையில் இருந்த மற்ற மூவரும் கடையில் வாங்கிய கம்பளிகள் கொண்டுவந்திருந்தனர். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபித்துக்கொண்டாவது அந்தப் போர்வையைக் காப்பாற்றியிருப்பேன். அவர்கள் ஒன்றும் சொல்லாததே எனக்குத் தாங்கவில்லை. மூன்றாம் வாரத்தில் அதைக் கொண்டுபோய் இரவுக் காவற்காரரிடம் கொடுத்துவிட்டேன். தருமம் செய்வதுபோல் கொடுத்தேன். பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, “போர்வை குளிருக்குத் தாங்குகிறதா?” என்று தாயார் கேட்டார். “நன்றாகத் தாங்குகிறது” என்றேன்.

அவர் 1998-இல் காலமானார். அதன்பின் அந்தப் போர்வை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ளப் பலமுறை முயன்றிருக்கிறேன். சிவப்புச் சீட்டி நினைவில் இருக்கிறது. அது நடுவில் இருந்ததா, ஓரத்தில் இருந்ததா என்பது நினைவில் இல்லை. மூன்று வாரம் போர்த்திக்கொண்டு உறங்கியவன், ஒருமுறைகூட அதை விரித்து வைத்துப் பார்க்கவில்லை.

2016-இல் ஓய்வு பெற்றேன். மந்தைவெளியில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஒரு காலத்தில் மயிலாப்பூரின் மாடுகள் மேய்ந்த வெளியாதலின் இவ்விடத்துக்கு இப்பெயர் வந்தது என்பார்கள். இன்று மாடும் இல்லை, வெளியும் இல்லை. சன்னலைத் திறந்தால் பறக்கும் ரயில் போகிற ஓசை கேட்கும். எங்கள் தெருமுனையில் ஒரு தையற்கடை இருந்தது. அதை நடத்திய பெரியவர் கண்பார்வை குறைந்து கடையை மூடியபோது, மூலையில் கிடந்த வெட்டுத்துணி மூட்டை இரண்டையும் குப்பை வண்டிக்குக் கொடுக்க இருந்தார். அவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவற்றை மாடிக்கு ஏற்றியபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டுவதில்லை.

தையல் எனக்கு முற்றிலும் புதிதன்று. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாயல், நாங்கள் பயின்ற காலத்திலும் பயிற்சிப் பள்ளிகளில் சிறிது எஞ்சியிருந்தது. நூற்றல், அட்டைவேலை, தையல் மூன்றையும் ஒருவாறு கற்றிருந்தேன். ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல் ஆகியவற்றின் இலக்கணத்தை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே தாயாரின் போர்வையைத் திரும்பத் தைத்துவிடலாம் என்று துணிந்தேன்.

என் வழக்கப்படி வரைபடத்தாளில் கட்டம் போட்டேன். ஒரு கட்டத்துக்கு நான்கு அங்குலம்; நீளத்துக்கு 15 கட்டம், அகலத்துக்கு 10 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறத்தின் பெயரை எழுதினேன். அளவுகோல் வைத்து வெட்டித் தைக்கத் தொடங்கினேன். நான்கு வரிசை முடிந்ததும் விரித்துப் பார்த்தால், கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. காரணம் பின்னர் விளங்கிற்று. என் மூட்டையிலிருந்த துணிகள் ஓரினத்தவை அல்ல. கதர் தடித்தது, மல் மெல்லியது, செயற்கை இழைத்துணி வழுக்குவது. பாவும் ஊடையும் செல்லும் போக்கில் வெட்டினால் துணி நிலையாக நிற்கும்; குறுக்காக வெட்டினால் இழுத்த இழுப்புக்கு நீளும். தையற்காரர் கைவிட்ட துண்டுகளில் பாதி குறுக்குத் துண்டுகள். அவற்றைச் சதுரமாக வெட்டியும், தைக்கும்போது அவை சாய்சதுரமாகிவிட்டன. இதன்மேல், சலவை செய்யாமல் சேர்த்த ஒரு சிவப்புத் துண்டு, முதல் நனைப்பிலேயே அருகிலிருந்த வெள்ளை வேட்டித் துண்டை இளஞ்சிவப்பாக்கிவிட்டது.

இந்த இடத்தில் நம் ஊர்த் துணி ஒன்றின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மதராஸ் கட்டத்துணி என்று உலகெங்கும் பெயர் பெற்ற பருத்தித்துணி உண்டு. இயற்கைச் சாயம் தோய்த்த அதன் வகை ஒன்று, துவைக்கும்போதெல்லாம் சாயம் கசிந்து, ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்துக்குள் புகுந்துவிடும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க வணிகர்கள், இது சாயம் போகும் துணி என்று மறைக்காமல், சாயம் கசிவதே இத்துணியின் சிறப்பு, ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் உங்களுக்குப் புதிய சட்டை கிடைக்கும் என்ற முறையில் விளம்பரம் செய்தார்கள். அந்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் விரும்பி வாங்கினார்கள். பலவகை மதராஸ் துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்த மேற்சட்டைகளும் அங்கே நாகரிகமாயின. நம்மூர்க் கந்தை அங்கே சென்று கௌரவம் பெற்று வந்தது! வணிகரின் சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். என்னுடைய இளஞ்சிவப்பு வேட்டித் துண்டை அந்தக் கதையை நினைத்துக்கொண்டே பிரிக்காமல் விட்டுவைத்தேன்.

எனினும் போர்வை என்னவோ தோல்விதான். நான்கு வரிசையையும் மடித்து வைத்துவிட்டேன்.

அந்த ஆண்டு பங்குனித் திருவிழாவில் மயிலைக் கபாலீசுவரர் தேரைப் பார்க்கச் சென்றேன். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அது நீங்கள் அறிந்ததே. அறுபது ஆண்டுகளாகத் தேர்களைப் பார்த்திருந்தும், அன்றுதான் தேரில் தொங்குகின்ற துணிகளைப் பார்த்தேன். தேரின் பக்கங்களில் உருளை வடிவாகத் தொங்குவனவற்றுக்குத் தொம்பை என்று பெயர். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமான துணிகளை, யாளி என்றும் மயில் என்றும் கிளி என்றும் வெட்டி, வேறு துணியின்மேல் வைத்துத் தைத்தவை அவை. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் இதனைக் குலத்தொழிலாகச் செய்து வருகிறார்கள். ஒட்டுத்துணிக் கலை நம் நாட்டிலும் இவ்வளவு உயரத்தில், தேர்மேலேயே, ஏறி நிற்கிறது. ஆனால் அது வகுத்த இலக்கணப்படி நடப்பது. யாளி இருக்க வேண்டிய இடத்தில் கிளி இராது. பௌத்தத் துறவிகளின் சீவர ஆடையும் அத்தகையதே. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடந்த அழகைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, துண்டுகளை அவ்வாறு இணைத்துத் தைக்க முடியுமா என்று கேட்டார் என்றும், ஆனந்தர் அவ்வாறே அமைத்தார் என்றும் பாலி மொழியிலுள்ள விநய நூல் கூறும். அழகான செய்தி. ஆயினும் ஆனந்தர் வகுத்த முறையைத்தான் பின்வந்தோர் அனைவரும் கைக்கொண்டனர். என் தாயார் எந்த முறையையும் கைக்கொண்டவர் அல்லர். அவரைப்போல் தைத்தவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

வெகுதொலைவு போக வேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்து மாநிலமான கருநாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்துக் காட்டுப்பகுதிகளில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். 16-ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் தப்பியோடியவர்களும் விடுதலை பெற்றவர்களும் மலைக்காடுகளில் குடியேறினர். அவர்கள் வழிவந்த பெண்கள் பழந்துணிகளைக்கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கிறார்கள். ஹென்றி ஜான் ட்ரூவல் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் அவர்களோடு பழகி ஆராய்ந்தார். 2004-இல் அப்பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து இப்போர்வைகளைத் தைத்து விற்கவும் வழி பிறந்தது.

அவர்கள் தைக்கும் முறை என்னை வியப்பில் ஆழ்த்தியது. பழைய பருத்திப் புடவை ஒன்றைத் தரையில் விரிப்பார்கள். அதன் ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, விளிம்பை உள்ளே மடித்து, ஓட்டுத் தையல் போடுவார்கள். பக்கத்தில் அடுத்த துண்டு. அதன் பக்கத்தில் அடுத்தது. இப்படி ஓரத்தை ஒட்டியே சுற்றி வந்து, மீண்டும் உட்சுற்று, அதற்குள் மற்றொரு சுற்று என்று சென்று, நடுவில் போய் முடிப்பார்கள். அளவுகோல் இல்லை, வரைபடம் இல்லை. தைத்து முடிந்தபின் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூப்போல் வைத்துத் தைப்பார்கள். அதற்குப் ‘பூலா’ என்று பெயர். பூலா இல்லாத கவந்தி ஆடையில்லாத உடம்பைப் போன்றது என்று அவர்கள் கருதுகிறார்கள். ஏழையின் போர்வையிலும் தேவைக்கு மேற்பட்ட இந்த நான்கு பூக்கள் இருந்தே ஆக வேண்டும்! குளிருக்கும் அப்பூக்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அமெரிக்காவிலும் ஆப்பிரிக்க வழிவந்த மக்களிடையே இக்கலை தழைத்தது. அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து செல்லும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைகளாய் உழைத்தவர்களின் வழியினர் அங்கே வாழ்கின்றனர். 1960-க்குப் பின் அவர்கள் வாக்குரிமை கேட்டுக் கிளம்பியபோது, ஆற்றைக் கடந்து நகரத்துக்குச் செல்ல இருந்த படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006-இல்தான் மீண்டும் வந்தது. அவ்வூர்ப் பெண்கள் வேலை உடைகளையும் தானிய மூட்டைச் சாக்குகளையும் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நகர் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கிலும் சுவரில் ஓவியங்களாக மாட்டப்பட்டன. 2006-இல் அவற்றுள் பத்து, அமெரிக்க அஞ்சல்தலைகளில் இடம்பெற்றன. அவற்றுள் எனக்கு மறக்க முடியாதது மிசௌரி பெட்வே என்னும் அம்மையார் 1942-இல் தைத்தது. கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடைகளைப் பிரித்துத் தைத்தார். முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம், சட்டைப்பை இருந்து நிறம் மாறாத இடம் எல்லாம் அப்படியே தெரியும். அவரை நினைத்திருக்கவும், அவர் அன்பின்கீழ்ப் போர்த்திக்கொண்டு உறங்கவும் தம் தாயார் அதைத் தைத்ததாக அவருடைய மகள் பிற்காலத்தில் கூறினார்.

இவற்றைப் படித்தபின் வரைபடத்தாளைக் கிழித்தெறிந்தேன் என்று சொன்னால் நாடகத்தன்மையாக இருக்கும். கிழிக்கவில்லை, அதன் மறுபக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதினோம். பழைய புடவை ஒன்றைக் கூடத்தில் விரித்து, சித்திப் பெண்களைப் போல ஒரு மூலையில் தொடங்கினேன். என் மனைவி ஊசியில் நூல் கோத்துத் தருவதோடு நின்றுகொண்டார். முடிச்சு போடும் விதத்தை மட்டும் ஒருமுறை திருத்தினார்.

முதல் பத்து நாள் பெருந்துன்பம். எந்தத் துண்டை எடுத்தாலும், ஏன் இது, ஏன் வேறொன்று ஆகாது என்று மனம் காரணம் கேட்டது. காரணம் சொல்ல முடியாத செயலைச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை. பிறகு ஒருநாள் மாலை, மயிலையில் ஒரு கச்சேரியில் அமர்ந்திருந்தபோது ஒரு தெளிவு பிறந்தது. பாடகர் கற்பனைச் சுரம் பாடினார். எதைப் பாடுவது என்று வீட்டில் எழுதிக்கொண்டு வந்தவர் அல்லர். ஆனாலும் மனம்போன போக்கில் பாடினார் என்று யாரேனும் சொல்ல முடியுமா? இராகத்துக்குப் புறம்பான சுரம் ஒன்றும் வரவில்லை. தாளம் கையில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தொலைவு சுற்றினாலும் பல்லவியின் எடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தார். ஒரு சுரக்கோவை முடிந்ததும் வயலின்காரர் விடை கூறினார். அந்த விடையிலிருந்து பாடகருக்கு அடுத்த கேள்வி பிறந்தது. மனோதருமம் என்று இதனைச் சொல்கிறோம். நான் தரையில் செய்துகொண்டிருந்ததும் இதன் மிக எளிய வடிவந்தான் என்பது எனக்குப் புலப்பட்டது. தையலுக்குக் கால் அங்குலம் விட்டாக வேண்டும். துணி சுருக்கமின்றிக் கிடந்தாக வேண்டும். நான்கு ஓரமும் வந்து பொருந்தியாக வேண்டும். இவை தாளம். இவற்றுக்குள்ளே, வைத்த துண்டு கேட்கின்ற கேள்விக்கு அடுத்த துண்டு விடை.

அதன்பின் கை ஓடிற்று. பிழைகளும் ஓடின. ஒருமுறை நீலத்துண்டு ஒன்று அரை அங்குலம் குறைந்துபோயிற்று. புதிதாக ஒன்றை வெட்டாமல், இடைவெளியில் சிவப்புக் கரைத்துணி ஒன்றை மெல்லிய பட்டையாக வைத்துத் தைத்தேன். எழுந்து நின்று பார்த்தபோது, அந்தப் பகுதி முழுவதிலும் பார்க்கத்தக்கது அந்தச் சிவப்புப் பட்டை ஒன்றுதான் என்று தோன்றியது. எட்டடி தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் அன்று வந்தது. அருகில் இருக்கும்போது கண் தையலைப் பார்க்கிறது. தள்ளி நின்றால்தான் துணியைப் பார்க்கிறது. பிரித்த தையல்களும் பல. மனம் சொன்னபடி வைத்ததெல்லாம் சரியாக அமைந்துவிடும் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஊதாப்பூ போட்ட ஒரு துண்டை மூன்று இடத்தில் தைத்து, மூன்று இடத்திலும் பிரித்தேன். அது இன்னும் மூட்டையில் கிடக்கிறது.

மூன்றாவது சுற்றில் ஒரு பக்கம் முழுதும் சாம்பல் நிறமும் மங்கிய நீலமுமாகச் சேர்ந்துவிட்டது. தவறொன்றும் இல்லை, ஆனால் அப்பகுதி உறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், மஞ்சள் நிறத்தில் மூன்று விரல் அகலத் துண்டு ஒன்றை எடுத்து ஓரத்துக்குக் கொண்டுபோனேன். வைத்த மாத்திரத்தில் அந்தப் பக்கம் முழுதும் விழித்துக்கொண்டது. ஏன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அங்கே அது இருக்க வேண்டும்போல் இருந்தது.

இந்தச் சொற்களை நான் முன்னே கேட்டிருந்தேன்.

1988-இல் நான் ஏழாம் வகுப்புக்கு ஆசிரியராக இருந்தேன். கைவேலைப் பாடத்தில், சிவப்பும் வெள்ளையுமான சதுரங்களை மாற்றி மாற்றி இணைத்துச் சிறு விரிப்பு ஒன்று தைத்து வருமாறு மாணவர்களுக்குச் சொல்லி, மாதிரியைக் கரும்பலகையில் வரைந்திருந்தேன். ஒரு சிறுவன் கொண்டுவந்த விரிப்பில் சதுரமே இல்லை. ஏதோ ஒரு தையற்கடையிலிருந்து பொறுக்கி வந்த துண்டுகள். ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் செல்லும் பட்டைகள். எல்லாம் மங்கிய நிறங்கள். ஓரத்தில் மட்டும் ஒரு சிறு மஞ்சள் துண்டு. தையல் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் இருந்தது. “இந்த மஞ்சள் எதற்கு?” என்று கேட்டேன். “அங்கே அது இருக்க வேண்டும்போல் இருந்தது, ஐயா” என்றான்.

வகுப்பின் முன்னிலையில் சவர அலகை எடுத்து அந்த விரிப்பைப் பிரித்தேன். சினத்தோடு செய்யவில்லை. பொறுமையாக, ஒரு நல்ல ஆசிரியன் செய்வதுபோல், தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளை அவன் கையில் கொடுத்து, மாதிரியில் உள்ளபடி தைத்து வருமாறு சொன்னேன். அடுத்த வாரம் சிவப்பும் வெள்ளையுமாக, மூலைகள் துல்லியமாகச் சேர, தைத்துக்கொண்டு வந்தான். முழு மதிப்பெண் இட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

அன்று நான் அப்படிச் செய்தது ஏன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மாதிரியை மீறிவிட்டான் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. அந்த விரிப்பைக் கண்டவுடன் அதை ஏழை வீட்டுப் பொருளாகக் கண்டேன். வேண்டிய துணி வாங்க வழியில்லாமல் கிடைத்ததைச் சேர்த்துத் தைத்திருக்கிறான் என்று எண்ணினேன். விடுதி அறையில் என் தகரப்பெட்டியைத் திறந்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சமே, பன்னிரண்டு ஆண்டு கழித்து, கையில் அலகோடு வகுப்பில் வந்து நின்றது. துணி வாங்க வழியில்லாதது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மஞ்சளை வேறெங்கும் வைக்காமல் அங்கே வைத்தது வறுமையன்று, அவன். சிவப்புச் சீட்டியை எங்கே வைப்பது என்று என் தாயாரும் ஒரு மாலைப்பொழுது முழுதும் எண்ணியிருக்கக்கூடும். நான் விரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

போர்வை முடிய ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் வந்து சேரும்போது ஐந்து பக்கம் கொண்ட ஒரு கோணல் இடைவெளி மிஞ்சியது. அதற்குப் பள்ளிச் சீருடைக் காக்கித் துண்டு ஒன்றை வெட்டி வைத்தேன். அளவு எடுக்காமலே பொருந்தியது; அதில் எனக்குச் சிறிது கருவமும் உண்டு. மொத்தம் 212 துண்டுகள். தையல்கள் தொடக்க மூலையில் காலணா அகலத்துக்கு ஒன்றாகவும், முடிவில் ஓரளவு நெருக்கமாகவும் இருக்கின்றன. நான் எங்கே தொடங்கி எங்கே முடித்தேன் என்பதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். நான்கு மூலைகளிலும் சித்திப் பெண்களின் முறைப்படி முக்கோணப் பூக்கள் வைத்தேன். மூன்று ஒரே அளவு. நான்காவது சற்றுப் பெரிதாகிவிட்டது, பிரிக்கவில்லை.

இது என் தாயாரின் போர்வை அன்று. அதைத் திரும்பச் செய்ய முடியாது என்பது முதல் நான்கு வரிசையிலேயே தெரிந்துவிட்டது. சலவை செய்து மாடிக் கொடியில் காயப்போட்டால், அடுத்த வீட்டுக் குழந்தைகள் கீழே நின்று, தங்கள் சட்டைத்துணி அதில் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். அந்தத் தையற்கடையில் தைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்று அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். எங்கே இருக்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. வானொலிப் பேச்சை யார் யாரோ கேட்கிறார்கள். தையற்கடைகளிலும் கேட்கிறார்கள். அவர் எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, அந்த மஞ்சள் துண்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.